முப்பத்து நான்கு சுற்று

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். எனக்குக் கோபம் வராது. என்னிடம் இருக்கிற கோபம் மொத்தத்தையும் வேறு சிலருக்காக எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது. நள்ளிரவில் அல்ல, பட்டப்பகலில், மதியம் சாப்பிட்டது செரிக்கும் முன்பே நடந்தது. பேய் ராத்திரி ஷிஃப்டுக்குத்தான் வரும் என்று யார் சொன்னது?

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். உருகிப்போன அணு உலையிலிருந்து வெட்டி எடுத்து வரும் இரும்புத் துண்டுகளைப் பரிசோதிப்பது. குழாய், தகடு, போல்ட், வால்வு, எது வந்தாலும் எங்களிடம்தான் வரும். அவற்றைக் கையால் தொட்டால் ஆள் காலி. அதனால் ஒரு மீட்டர் தடிமன் கான்கிரீட் சுவர் வைத்த அறைக்குள் அவை இருக்கும். சுவரில் ஈயம் கலந்த கண்ணாடி ஜன்னல். அதுவும் ஒரு மீட்டர் தடிமன். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான். என் தலைக்கு மேலே சுவரைத் துளைத்துக்கொண்டு இரண்டு எந்திரக் கைகள் உள்ளே போகும். இந்தப் பக்கம் இருக்கும் பிடியை நான் திருப்பினால், அந்தப் பக்கம் இருக்கும் இரும்பு விரல்கள் அதே மாதிரி திரும்பும். பதினாறு வருடமாக அந்தக் கைகளோடுதான் குப்பை கொட்டுகிறேன். அந்த விரல்களால் ஊசியில் நூல் கோத்துக் காட்டியிருக்கிறேன். வீட்டில் கோக்கச் சொன்னால் வராது, அது வேறு கதை.

அந்த வாரம் வந்தது ஒரு வால்வு.

சாதாரண வால்வு அல்ல. உலை சூடேறத் தொடங்கிய அன்று, பம்புகள் எல்லாம் நின்ற பிறகு, மேல் தொட்டித் தண்ணீரை உள்ளே விடக் கடைசியாக இருந்த ஒரே வழி அதுதான். கையால் சுற்றித் திறக்க வேண்டிய வால்வு. ஒரு ஆளை மேலே அனுப்பினார்கள். அவர் போனார். சுவரில் இருந்த போனில் கூப்பிட்டு, “திறந்துட்டேன்” என்றார். ஆனால் தண்ணீர் வரவில்லை. உலை உருகியது. அவரை இரண்டு மாடி கீழே படிக்கட்டில் விழுந்து கிடந்த நிலையில் எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

விசாரணைக் குழு என்ன செய்தது தெரியுமா? குழாயின் வாய் வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்தது. வால்வுக்குள் இருக்கும் தடுப்புத் தட்டு மூடியே இருந்தது. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ‘வால்வு திறக்கப்படவில்லை. ஊழியர் பணியிடத்தை விட்டு ஓடிவிட்டார். தவறான தகவல் தந்தார்.’ செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போகிறானா? மொத்தப் பழியையும் தூக்கி அவர் தலையில் கட்டிவிட்டு எல்லாரும் கை கழுவிக்கொண்டார்கள்.

அவருடைய மனைவி எங்கள் கூடத்திலேயே சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். நாங்கள் போட்டுக் கழற்றும் உடுப்புகளைத் துவைக்கும் வேலை. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அறிக்கை வந்த மறுநாளிலிருந்து யாரும் உடுப்பை அவள் கையில் கொடுக்கவில்லை. கூடையில் எறிந்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் மகளை ‘ஓடிப்போனவன் பொண்ணு’ என்றார்கள். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள். நானும் யோக்கியம் இல்லை. நானும் எறிந்தேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று எனக்கு வந்த உத்தரவு சின்னது. வால்வின் ஓரத்தில் விரல் நக அளவு ஒரு துண்டு வெட்டி எடுக்க வேண்டும். மீதியை டிரம்முக்குள் போட்டு சிமென்ட் ஊற்றி மூட வேண்டும். ஐந்து மணிக்குள். எங்கள் மேலதிகாரி எப்போதும் டை கட்டிக்கொண்டு வருவதால் அவருக்கு டை சார் என்று பெயர். அவரே போன் செய்தார்.

“அஞ்சு மணிக்கு லாரி வரும். அதுக்குள்ள மூடியிருக்கணும்.”

“உள்ள வெட்டிப் பார்க்க வேண்டாமா சார்?”

“எதுக்கு? அதான் அறிக்கையே வந்தாச்சே. வெட்டினா தூசி. தூசி வந்தா நாலு நாள் கழுவணும். சொன்னதைச் செய்ங்கம்மா.”

என்னோடு அன்று இருந்தது கிரேன் அண்ணன் மட்டும்தான். உள்ளே பாரம் தூக்கும் கிரேனை ஓட்டுபவர். முன்பு அந்த உலையிலேயே வேலை பார்த்தவர். வாயைத் திறந்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் வராது.

மணி 1:10. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன். எந்திரக் கைகள் இரண்டையும் மேலே மடக்கிப் பூட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். இடது கை மேலே இருந்தது. வலது கை கீழே இறங்கி இருந்தது.

“அண்ணே, இதைத் தொட்டீங்களா?”

“நான் எதுக்குத் தொடப் போறேன்?”

பூட்டு தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். மறுபடி மேலே ஏற்றிப் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். உறுதியாக இருந்தது.

1:32. அறைக்குள் ஒரு மைக் உண்டு. உள்ளே ரம்பம் ஓடும் சத்தம் சரியாக இருக்கிறதா என்று வெளியே ஸ்பீக்கரில் கேட்பதற்காக. அந்த ஸ்பீக்கரில் ஒரு சத்தம் வந்தது. ஹ்ஹ்... ஹ்ஹ்... யாரோ மாடி ஏறி வந்து மூச்சு வாங்குவது போல இருந்தது. காற்றுக் குழாயாக இருக்கும் என்றார் அண்ணன். ஆனால் அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

1:55. ஜன்னலில் ஓர் இடம் மங்கலாகத் தெரிந்தது. துணியால் துடைத்தேன். போகவில்லை. விரலால் தேய்த்தேன். போகவில்லை. ஆள் முக உயரத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நீராவி படிந்திருந்தது. பெரிதானது... சிறிதானது... மறுபடி பெரிதானது.

அது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம்.

அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னைத்தான் கிண்டல் செய்வார். என் வீட்டுக்காரர் அடிக்கடி, “உன்னைப் பார்த்தா பேயே பயந்துடும்” என்பார். அதை நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

2:20. துண்டு வெட்டி முடித்தேன். அண்ணன் டிரம் மூடியைக் கொண்டுவரப் பின்பக்கம் போனார். மேஜை மேல் வால்வு கிடந்தது. அதன் தலையில் சாப்பாட்டுத் தட்டு அளவு இரும்புச் சக்கரம். அதன் வரைபடம் என் பக்கத்தில் ஒட்டியிருந்தது. முழுதாகத் திறக்க முப்பத்து நான்கு சுற்று. சுற்றும்போது தண்டு வெளியே உயராத வகை. அதனால் வெளியிலிருந்து பார்த்தால், திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாது.

2:34. வலது பிடிக்குள் கையை நுழைத்தேன்.

பிடி சூடாக இருந்தது.

என் எந்திரக் கையின் பிடி துப்பாக்கிப் பிடி மாதிரி இருக்கும். பதினாறு வருடப் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன். ஆனால் அன்று என் விரல்கள் பிடித்திருந்தது அது இல்லை. வளைந்த ஒரு இரும்பு வட்டம். ஓரமெல்லாம் துரு.

ஒரு சக்கரம்.

கையை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. விரல்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. நான் பிடிக்கவில்லை. அவை பிடித்தன.

திரும்பியது.

என் மணிக்கட்டு திரும்பியது. ஒரு சுற்று. விட்டுப் பிடித்து இன்னொரு சுற்று. ஸ்பீக்கரில் கிர்ர்... கிர்ர்... என்று மரை ஓடும் சத்தம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

உள்ளே இருந்த இரும்பு விரல்கள் அசையவில்லை. வால்வின் சக்கரமும் அசையவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது. அப்படியென்றால் நான் எதைச் சுற்றிக்கொண்டிருந்தேன்?

“...ஒம்பது... பத்து...”

ஸ்பீக்கரில் குரல். ஆண் குரல். மெதுவாக. மூச்சுக்கு நடுவே.

“...பதினொண்ணு...”

கத்த வேண்டும் என்று நினைத்தேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

2:36. பின்னால் காலடிச் சத்தம். மூடி கீழே விழுந்து உருண்டது. கிரேன் அண்ணன்.

“தங்கச்சி, கையை எடு!”

“வரலண்ணே...”

“எடு!”

“வரல...”

அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். அவரால் முடியவில்லை. உள்ளே பார்த்தார். அசையாத இரும்பு விரல்களைப் பார்த்தார். சுற்றிக்கொண்டிருக்கும் என் கையைப் பார்த்தார்.

“...இருபத்தாறு... இருபத்தேழு...”

அண்ணனின் முகம் வெளுத்தது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும்.

“...முப்பத்திரண்டு...”

“...முப்பத்திமூணு...”

“...முப்பத்திநாலு.”

நின்றது.

பிறகு...

என் கை எதிர்ப்பக்கம் திரும்பியது. கொஞ்சம்தான். கால் சுற்று.

“திறந்துட்டேன்” என்றது குரல்.

2:38. என் கையில் இருந்தது பழைய துப்பாக்கிப் பிடி. சில்லென்று இருந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு அவர்தான் கேட்டார்.

“கடைசியில பின்னாடி திருப்பினே. ஏன்?”

“நான் திருப்பலண்ணே.”

“கால் சுத்து?”

“ஆமா.”

அவர் கண் கலங்கிவிட்டது. அழுகிற ஆள் இல்லை அவர்.

“வால்வு சுத்துறவன்தான் அதைச் செய்வான். முழுசா திறந்துட்டுக் கால் சுத்து பின்னாடி விடுவோம். கடைசி வரைக்கும் முட்ட விட்டா இறுகிடும். அடுத்து வர்றவன் மூடியிருக்குன்னு நெனச்சு முறுக்கி உடைச்சிருவான். இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. உனக்குத் தெரிஞ்சிருக்க நியாயமே இல்ல.”

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

அப்போது பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. கோபம்தான் வந்தது. எட்டு மாதமாக ஒரு மனிதனைப் பொய்யன், ஓடுகாலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவன் பொய் சொன்னானா இல்லையா என்பது இந்த இரும்புக்குள் இருக்கிறது. அதற்கு இன்னும் இரண்டு மணி நேரத்தில் சிமென்ட் ஊற்றச் சொல்கிறார்கள், தூசி பறக்குமாம்!

“அண்ணே, நெடுக வெட்டுறேன்.”

“வேலை போயிடும் தங்கச்சி.”

“போகட்டும்.”

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு கிரேன் பொத்தானை அழுத்தி வால்வை ரம்பத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார். போன் நான்கு முறை அடித்தது. எடுக்கவில்லை.

4:26க்கு வால்வு இரண்டாகப் பிளந்தது. உள்ளே பார்த்தோம்.

தடுப்புத் தட்டு கீழே மூடிக் கிடந்தது. சக்கரத்தைச் சுற்றினால் தண்டில் ஏறி அதைத் தூக்க வேண்டிய மரைக்கட்டை தட்டோடு இல்லை. இரண்டையும் இணைக்கும் இரும்புக் காது உடைந்து, மரைக்கட்டை மட்டும் தனியாக மேலே ஏறிப்போய் இருந்தது. அந்த மனிதர் சுற்றியிருக்கிறார். மரைக்கட்டை ஏறியிருக்கிறது. தட்டு ஏறவில்லை. சக்கரம் சுற்றும் கைக்கு அது எப்படித் தெரியும்? அளவு வைத்துப் பார்த்தேன். முழுதாகத் திறந்தால் எங்கே போய் நிற்குமோ, அந்த இடத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கீழே நின்றது. ஒரு சுற்றுக்கு ஆறு மில்லிமீட்டர். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

காது உடைந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு ஓரம் மட்டும்தான் பளபளப்பு. மீதி எல்லாம் கறுப்பு. பளபளப்பு அன்றைக்கு உடைந்தது. கறுப்பு பல வருடமாக விரிந்துகொண்டே போன விரிசல். யாராவது ஒருமுறை, ஒரே ஒருமுறை, அதைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பார்க்காதவர்கள் எல்லாம் விசாரணைக் குழுவில் உட்கார்ந்திருந்தார்கள்.

நாற்பத்தொரு போட்டோ எடுத்தேன். டை சார் ஐந்து மணிக்கு ஓடி வந்து கத்தினார். நானும் கத்தினேன். அன்று அந்தக் கட்டடத்தில் அதிகம் கத்தியது நான்தான். அப்புறம் என்ன? அறிக்கையைத் திருத்தினார்கள். எப்படி? இணைப்பில், சின்ன எழுத்தில், ஒரே வரி. ‘வால்வில் இயந்திரக் கோளாறு இருந்ததாகவும் தெரிகிறது.’ அதாவது, அவர் ஓடியதும் உண்மையாம், கோளாறும் உண்மையாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். செய்தித்தாளில் ஒரு எழுத்து வரவில்லை. நான் போட்டோக்களைப் பெரிதாக அச்செடுத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் ஒட்டினேன். மறுநாள் என்னைப் பழைய காகிதங்கள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இருபது நாள் கழித்து என் வலது உள்ளங்கை சிவந்தது.

முதலில் சொறி என்று நினைத்தேன். பிறகு கொப்புளம் வந்தது. குறுக்காக ஒரே பட்டை, இரண்டு விரல் அகலம், லேசாக வளைந்து. டாக்டர் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். என் நெஞ்சில் குத்தியிருந்த கதிர்வீச்சு பேட்ஜின் கணக்கையும் பார்த்தார்.

“உங்க பேட்ஜ் ஒண்ணுமே காட்டலம்மா. ஆனா கையில இருக்கறது கதிர்வீச்சுப் புண்ணு. இடது கை சுத்தமா இருக்கு. கையை எங்க வச்சீங்க?”

“சுவருக்கு வெளியிலதான் டாக்டர்.”

“வாய்ப்பே இல்ல. அந்த மாதிரி இரும்பை வெறுங்கையால பிடிச்சிருக்கணும். நாலு நிமிஷமாவது.”

அதற்கு அலுவலகம் பதில் சொன்னது. என் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கு வேறு என்ன எழுதத் தெரியும்?

கட்டுப் போட்ட கையோடு சலவைப் பிரிவுக்குப் போனேன். இத்தனை நாள் கூடையில் எறிந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் போனேன். உள்ளே நடந்ததை நான் அவளிடம் சொல்லவே இல்லை. அண்ணனும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம்.

அக்கா என் மன்னிப்பைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. கட்டையே பார்த்தாள்.

“அவிழ்த்துக் காட்டு.”

காட்டினேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு, அந்தப் பட்டையை விரலால் தொடாமல், மேலாகவே அளந்தாள்.

“அவருக்கும் இதே இடத்துலதான்.”

அவள் தன் அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். ஆஸ்பத்திரிக் காகிதத்தின் நகல்.

“ஒம்பது நாளும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுதான் பார்த்தேன். நெனவு இருந்துச்சோ இல்லையோ, முதல் அஞ்சு நாள் வலது கை மட்டும் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் எண்ணினேன். முப்பத்திநாலு. அப்புறம் கொஞ்சம் பின்னாடி. திரும்ப முதல்ல இருந்து. விசாரணையில சொன்னேன். எழுதிக்கிட்டாங்க.”

காகிதத்தைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் குறிப்பு. ‘நோயாளியின் வலது மணிக்கட்டில் தொடர்ந்து காரணமற்ற அசைவு. கை உடம்போடு சேர்த்துக் கட்டப்பட்டது.’

காரணமற்ற அசைவாம். அதன் கீழே விசாரணைக் குழுவின் முத்திரை. வால்வு என்னிடம் வருவதற்கு ஒன்பது மாதம் முந்தைய தேதி. குழுவில் ஒருவராக, படித்துப் பார்த்ததாக டை சாரின் கையெழுத்து.

“அப்புறம் எப்ப அவிழ்த்தாங்க அக்கா?”

அவள் காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

“அவிழ்க்கவே இல்ல. நானும் கெஞ்சிப் பார்த்தேன். கதிர்வீச்சு இருக்கு, யாரும் தொடக்கூடாதுன்னுட்டாங்க. அந்தக் கட்டோடதான் பெட்டியில வச்சு மூடினாங்க.”